வாவியின் வேலைக்கு விலை என்ன?

மட்டக்களப்பு என்றவுடன் பாடும் மீன்களை நினைப்பவர் பலர். நிலாக் காலத்து இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருள் ஆழ்த்தி, அதன் மேல்முனையிற் செவியை வைத்துக் கேட்டால் அவ்வொலி கேட்குமென்பர். விபுலானந்த அடிகளார் 1947 இல் வெளிவந்த தமது யாழ் நூலில் அதனை நீரரமகளிரின் இசையாகவே போற்றினார். அந்த இசைக்கு விலை கூறுவார் எவருமிலர், கூறவும் வேண்டா. ஆனால் அதே வாவி இரவும் பகலும் நமக்காகச் செய்துவரும் வேலைகள் சில உள. அவற்றுக்கு விலை கூறலாமா, கூறினால் யாருக்குப் பயன் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது இவ்வாவி. கிழக்கே கடலோர மணல் நிலமாகிய எழுவான்கரை. மேற்கே நெல்வயல் பரந்த படுவான்கரை. கடலோடு வாவி கலக்கும் வாயில்கள் இரண்டு. ஒன்று பாலமீன்மடுவில், மற்றையது கல்லாற்றில். கோடையில் ஆற்று நீர் குறைய, அலைகள் மணலைக் கொணர்ந்து குவித்து இம்முகத்துவாரங்களை அடைத்துவிடும். பின்னர் வாடைக்காற்றோடு மாரி வரும். உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் நிரம்பிக் கதவுகள் திறக்கப்படும். வந்த நீரெல்லாம் வாவியில் இறங்கும். வாயடைத்த வாவியோ வீங்கிக் கரையோரத் தாழ்ந்த வயல்களில் ஏறும்.

அப்பொழுதுதான் அந்தப் பழைய வழக்கு மீண்டும் எழும். முகத்துவாரத்தை வெட்டுவதா, பொறுப்பதா?

வெட்டுக என்பான் உழவன். கதிர் ஈனும் பருவத்தில் பயிர் சில நாள் நீருள் மூழ்கிக் கிடந்தால் அவ்வாண்டின் வரவு போயிற்று; விதைநெல்லுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் நிற்கும். பொறுங்கள் என்பான் வாவி மீனவன். அவன் அச்சமும் வீணானதன்று. மணற்றிட்டைப் பிளந்ததும் நீர் பெரு வேகத்தோடு கடலை நோக்கிப் பாய்கின்றது. வளர்ந்தும் வளராததுமான இறாலும் மீனும் அதனோடு போகின்றன. நீர் மட்டம் திடீரெனத் தாழ, கரையோரத்தில் வீச்சுவலையும் அத்தாங்கும் கொண்டு அன்றாடம் பிழைப்பவனுக்குச் சேறுதான் மிஞ்சும். மாரி முடியுமுன் வெள்ளம் வடிந்துவிட்டால் கடல்நீர் உள்ளே ஏறி, அண்டிய கிணறுகளிலும் உவர் தட்டக்கூடும்.

எனினும் வெட்டாமலே விடுவதும் மீனவனுக்கு நன்மையன்று. இறாலின் வாழ்க்கை விந்தையானது. தாய் இறால் கடலில் முட்டையிடுகின்றது. குஞ்சோ முகத்துவாரத்தின் வழியே வாவிக்குள் வந்து, கண்டல் வேர்களின் இடையிலும் நீர்ப்புற்களின் நிழலிலும் ஒளிந்து வளர்ந்து, பருவமெய்தியதும் மீண்டும் கடலை நாடுகின்றது. ஆகவே வாயில் திறந்தே ஆகவேண்டும். எப்பொழுது, எவ்வளவு அகலமாக, எத்தனை நாள் என்பதிலேதான் சிக்கல் யாவும் அடங்கியிருக்கின்றது. மாவட்ட நிருவாகத்தின் அனுமதியோடு பெக்கோ இயந்திரம் மணலில் இறங்கும் முன்னர் இரு சாராரும் முறையிடுவர். வயலின் சேதம் ஏக்கர்க் கணக்கில் தாளில் ஏறும். இறால் குஞ்சுக்கு ஏக்கர் ஏது?

இத்தகைய இடத்தில் உதவுவதற்கென்றே பொருளியலறிஞர் ஒரு முறையை வகுத்துள்ளனர். இயற்கை செய்யும் வேலையை நாமே செய்யவேண்டி வந்தால் என்ன செலவாகும் என்று கேட்பது அது. நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. கொழும்புக்கு வடக்கே நீர்கொழும்பு வாவியை அடுத்துள்ள முத்துராஜவெல சதுப்பு நிலத்தை இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தைச் சேர்ந்த ஆய்வாளர் அளவிட்டு 2003 இல் அறிக்கை வெளியிட்டனர். அச்சதுப்பு ஆண்டொன்றுக்குத் தரும் பயன் 72 கோடி ரூபாவுக்கு மேல் எனக் கண்டனர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எதற்கென்றால், மீனுக்கன்று, விறகுக்கன்று. வெள்ளத்தை உறிஞ்சித் தாங்கி மெல்ல விடும் அந்த ஒரு வேலைக்கே. வெறும் சேற்று நிலம் என்று மண் கொட்டி நிரப்ப நினைத்தோருக்கு அவ்வெண் நல்ல விடையாயிற்று.

நியூயோர்க் மாநகரத்தார் இக்கணக்கைச் செயலிலேயே காட்டினர். குடிநீரை வடிகட்டும் பெரிய ஆலை கட்ட 600 கோடி டொலருக்கு மேல் வேண்டுமென மதிப்பிடப்பட்டது. அதற்குப் பதிலாக நீர் வரும் கற்ஸ்கில் மலைப்பகுதியின் காடுகளையும் பண்ணை நிலங்களையும் காத்தால் அதிற் சிறு பகுதியே போதுமெனக் கண்டு, 1997 இல் மலைவாழ் ஊர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். காப்பவனுக்குக் கூலி கொடுத்தமையே அதன் சிறப்பு.

அதே 1997 இல் ரொபேட் கொஸ்ரான்சா முதலிய 13 அறிஞர், உலகத்து இயற்கை முழுவதும் ஆண்டுதோறும் தரும் பயன் 33 இலட்சம் கோடி டொலர் என எழுதினர். உலகின் கண்ணை இப்பக்கம் திருப்பியது அந்த எண். ஆயினும் நம் முகத்துவாரத்தில் நிற்பவனுக்கு அதனால் ஆவதொன்றில்லை. அவனுக்கு வேண்டியது இந்த வாவியின் எண்.

அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. கூட்டிப் பெருக்கி வரும் தொகை, பயன் எவ்வளவு என்று சொல்லுமேயன்றி யாருடையது என்று சொல்லாது. ஆயிரம் ஏக்கர் நெல்லின் விலை, கரையில் அத்தாங்கு பிடிக்கும் சில நூறு குடும்பங்களின் பிடியைவிடத் தாளில் பெரிதாகத் தோன்றக்கூடும். அதற்காக அவர்களுடைய அடுப்பு அணைய வேண்டுமா? நெல் காப்பாற்றப்பட்டால் அந்த ஆதாயத்தில் ஒரு பங்கு, இழந்த மீனவருக்குப் போகும் வழி செய்தலே நேர்மையென்பது என் கருத்து. வயலுக்கு இழப்பீடு கேட்பது வழக்கமாயிருக்க, வலைக்குக் கேட்பது மட்டும் ஏன் புதுமையாகத் தோன்றவேண்டும்?

கண்டற் காடுகளின் கதை வேறு. போர்க்காலத்தில் வாவிக்கரையெங்கும் வெட்டுண்டு அவை மெலிந்தன. இலங்கையின் கண்டல்கள் அனைத்தையும் காப்பதென 2015 இல் நாடு உறுதி பூண்டதும், பின்னர் நாற்று நடப்பட்டு வருவதும் ஆறுதல் தருவன. ஆனால் நட்டது மரமாகி இறாலுக்கு நிழல் தரப் பல ஆண்டு செல்லும். நின்ற மரத்தைக் காத்தல் அதனினும் மலிவு.

வாவியின் எண்ணைப் பெறுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. முகத்துவாரம் வெட்டிய நாள், அன்றைய நீர் மட்டம், மூழ்கிய வயலும் பிழைத்த வயலும், அடுத்த மூன்று மாதம் ஒவ்வொரு துறையிலும் ஏறிய இறாலின் நிறை, கரையோரக் கிணறுகளின் உவர் ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரே ஏட்டில் எழுதி வந்தாற் போதும். கிணற்று நீரின் உவரை அளக்கும் சிறு கருவியைக் கையாளப் பத்தாம் வகுப்பு மாணவரும் ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்வர். எழுவான்கரைப் பாடசாலையொன்றும் படுவான்கரைப் பாடசாலையொன்றும் சேர்ந்து வருகின்ற மாரியிலேயே இதைத் தொடங்கலாம்.