ஸ்டாக்ஹோம் நகரின் வெப்பக் கணக்கு

ஒரு நகரம் சூடேறி வருகிறது என்பதை நாம் எப்படி அறிவது? ஒரு கோடையைக் கொண்டு சொல்லிவிட முடியாது. பால்டிக் கடலோரத்து ஸ்டாக்ஹோம் நகரில் 1756 முதல் நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்து வருகிறார்கள். வார்கென்டின் என்னும் வானியல் அறிஞர் தொடங்கிய பணி அது. பொறுமைக்காரர்கள்தாம்!

ஆனால் ஒரு சிக்கல். அங்குள்ள வானாய்வுக்கூடம் முதலில் ஊரின் ஓரத்துக் குன்றின்மேல் நின்றது. பிறகு ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. கற்சுவர்களும் தார்ச்சாலைகளும் பகல் வெயிலை வாங்கி இரவில் வெளிவிடுகின்றன. குளிர்காலத்தில் வீடுகளுக்கு ஊட்டும் சூடும் கசிகிறது. அப்படியானால் வெப்பமானி காட்டும் ஏற்றத்தில் ஊரின் பங்கு எவ்வளவு? சுற்றுவட்டார நிலையங்களின் அளவுகளோடு ஒப்பிட்டு அதை ஆய்வாளர்கள் கழித்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 1859க்கு முன்பு வெப்பமானிக்கு வெயில் மறைப்புப் போதவில்லை. அதனால் அக்காலக் கோடை அளவுகள் சற்று மிகையானவை என்று கருதுகிறார்கள். பழைய கோடையை மிகையாகக் காட்டினால், பின்னர் வந்த ஏற்றம் குறைவாகத்தானே தெரியும்?

இரண்டையும் திருத்திய பின்னரும் ஏற்றம் மறையவில்லை. குளிர்காலமும் இளவேனிலுமே மிகுதியாக மாறியுள்ளன. 1756 தொடங்கி அதுவரை குறித்த ஆண்டுகள் அனைத்திலும் வெப்பம் மிகுந்தது 2020.