தேரையின் மீது பழி ஏன்?

கோடை முற்றியதும் ஈரம் தேடி வந்து, குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிற்றுயிரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனைக் கண்டதும் நம் வீடுகளில் நடப்பது என்ன? துடைப்பம் வருகிறது; உப்பு தூவப்படுகிறது. கைக்குழந்தை உள்ள வீடாயின் அச்சம் இன்னும் பெரிது. தேரை பட்டால் பிள்ளை மெலிந்துவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. இதற்கு ஆதாரம் உண்டா? முதலில் அவ்வுயிரை அறிந்துகொள்வோம்.

அடையாளம் காண்பது எப்படி?

பல ஊர்களில் தேரை எனப்படும் இது மரத்தவளை இனத்தைச் சேர்ந்தது. சொறித்தவளையையும் சிலர் தேரை என்பதுண்டு, இரண்டும் வேறு. சொறித்தவளையின் தோல் வறண்டு, மேடு மேடாக இருக்கும். அதனால் சுவர் ஏற இயலாது. மரத்தவளையின் தோலோ வழுவழுப்பானது. விரல் நுனிகளில் வட்டமான தட்டுகள் உண்டு. சுவரைப் பற்றி ஏற உதவுபவை இவையே. கண்ணுக்குப் பின்னே வட்டமான செவிப்பறை தெளிவாகத் தெரியும். உடல் நிறம் பழுப்பு, சாம்பல், வெளிர் மஞ்சள் என மாறுவதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கால் நீட்டித் தாவும்போது தொடையின் உட்புறம் பாருங்கள். கருமையின் நடுவே மஞ்சள் புள்ளிகள் இருந்தால் ஐயமில்லை. 1830ஆம் ஆண்டில் கிரே என்னும் ஆங்கில அறிஞர் இதற்குச் சூட்டிய அறிவியல் பெயரிலுள்ள 'மாகுலேட்டஸ்' என்ற சொல்லுக்குப் பொருளே 'புள்ளிகள் உடையது' என்பதுதான்.

மழைக்கால இரவில், இஷாத் தொழுகைக்குப் பின், பிள்ளைகளுடன் கைவிளக்கு எடுத்துக்கொண்டு தோட்டத்திற்குச் செல்லுங்கள். கையால் பிடிக்காமல், சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நீர்நிலைக்கு மேலுள்ள இலையிலோ தொட்டிச் சுவரிலோ சோப்பு நுரை போன்ற வெண்ணிறக் கட்டி தென்படலாம். அதுவே அதன் கூடு! பெண் தவளை தான் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதனுள் முட்டையிடுகிறது. சில நாட்களில் தலைப்பிரட்டைகள் வெளிப்பட்டுக் கீழேயுள்ள நீரில் விழுகின்றன. இந்த வித்தையை அதற்குக் கற்பித்தவன் யார்? சுப்ஹானல்லாஹ்!

பழி யார் மீது?

தாய்மார்களே! பூச்சிகளைத் தின்று வாழும் இவ்வுயிர் தொட்டதால் எந்தக் குழந்தையும் மெலிவதில்லை. போதிய உணவின்மை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, குடற்புழு, காசநோய் போன்றவையே காரணங்களாக இருக்கும். தேரையின் மேல் பழி போட்டு, கயிறு கட்டிக் காத்திருக்கும் நாட்களில் நோய் முற்றுகிறது. பிள்ளை மெலிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மாதந்தோறும் எடை பாருங்கள்.

மருத்துவர் ஒருவர் தவளையை மருந்தில் சேர்ப்பது பற்றிக் கேட்டபோது, அதனைக் கொல்ல வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மருந்துக்கே அனுமதி இல்லையெனில், வெறும் அச்சத்திற்காகக் கொல்வது தகுமா? தவளையின் தோல் நீரையும் காற்றையும் உள்ளிழுப்பது. அதன்மேல் உப்பைத் தூவுவது பெரும் வேதனை. ஈரத்துணியால் மெல்ல மூடி எடுத்து, செடியடியில் விட்டுவிடுங்கள். அதுவே போதும்.

படைப்பினங்களிடம் இரக்கமும், பிள்ளைகள் விஷயத்தில் விழிப்பும் உடையோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.