நகரத்தின் பின்வாசல் – 7: அரை மணி ஜாடி

சென்ற வாரம் நீரேற்று நிலையத்தோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து தள்ளிவிட்ட கழிவுநீர் பெரிய குழாய் வழியே எங்கள் சுத்திகரிப்பு பிளாண்டுக்கு வந்து விழுகிறது. ஊர் காலை ஆறரைக்குக் குளித்தால் அந்தத் தண்ணீர் எங்களிடம் வர ஒன்பது, பத்து ஆகும். அதுதான் அன்றைய உச்சம். மதியத்துக்கு மேல் இறங்கும், இரவு மறுபடி ஒரு மேடு ஏறும், விடியற்காலை மூன்று மணிக்கு வரத்து பாதிக்கும் கீழே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை எல்லாமே தாமதம். தீபாவளியன்று மட்டும் முன்கூட்டியே வந்துவிடும், கூடவே ஊர் தேய்த்துக் குளித்த நல்லெண்ணெயும்.

ஸ்கிரீனில் சிக்குவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஷாம்பூ பாக்கெட், நாப்கின், துணி, முடி. முடிதான் எங்கள் பரம எதிரி. துணியோடு சேர்ந்து கயிறாக முறுக்கிக்கொண்டு பம்பின் இம்பெல்லரைப் பிடித்துவிடும். அடுத்து மணல் தொட்டி, அதற்கடுத்து கசடைப் படியவிடும் முதல் கிளாரிஃபயர். இதுவரை நடப்பதெல்லாம் வடிகட்டலும் படியவிடுதலும்தான். ஆபரேட்டர் என்று ஒருவர் எதற்கு என்பது அடுத்து வரும், காற்று ஊதும் ஏரேஷன் டேங்கில்தான் தெரியும்.

வருகிற கழிவுநீரில் 99.9 சதவீதம் தண்ணீர்தான். மீதியில் கரைந்தும் கலங்கியும் இருப்பதுதான் அழுக்கு. அதை அளக்க பி.ஓ.டி. என்று ஒரு கணக்கு: அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்று பார்ப்பது. வரும்போது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். போகும்போது பெருநகரங்களில் 20க்குள் இருக்க வேண்டும் என்று 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்னது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 என்றது. இங்கிலாந்தில் இந்தச் சோதனைக்கு 20 டிகிரியில் 5 நாள் வைப்பார்கள். நம் ஊர் வெப்பத்துக்கு 27 டிகிரியில் 3 நாள். ஆக, திங்கட்கிழமை எடுத்த சாம்பிளுக்கு வியாழக்கிழமைதான் பதில் வரும். அதற்குள் திங்கட்கிழமைத் தண்ணீர் கால்வாயைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். லேப் ரிப்போர்ட் என்பது ஆபரேட்டருக்கு எப்போதுமே பழைய செய்தி.

அப்படியானால் இன்றைக்கு என்ன செய்வது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அதற்குத்தான் ஜாடி.

ஒரு லிட்டர் அளவு ஜாடி, கோடு போட்டது. ஏரேஷன் டேங்கின் கடைசி முனையில் மொண்டு, ஜாடியில் ஊற்றி, வெயில் படாத, மோட்டார் அதிராத ஓர் இடத்தில் வைத்துவிட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். கலங்கலாக இருந்தது மெல்லத் திரண்டு கீழே இறங்கும். மேலே தெளிவு, கீழே காப்பிப் பொடி நிறத்தில் கசடு. முப்பதாவது நிமிடம் கசடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். 300 மில்லியில் நிற்கிறது, டேங்கில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் கசடு இருக்கிறது என்றால், ஒரு கிராம் கசடு 100 மில்லி இடம் பிடிக்கிறது என்று அர்த்தம். நல்ல நிலைமை. 150ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். நூல் நூலாக வளரும் பாக்டீரியா பெருகி, கசடு பஞ்சாகப் படியாமல் நிற்கிறது என்று பொருள். நேர்மாறாக, ஐந்தே நிமிடத்தில் தடதடவென்று இறங்கி, மேல்தண்ணீரில் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தால், கசடு கிழடாகிவிட்டது.

இந்தத் தொழிலே ஜாடியில்தான் பிறந்தது. மான்செஸ்டரில் டேவிஹுல்ம் கழிவுநீர்ப் பண்ணையில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கழிவுநீரைப் புட்டியில் ஊற்றிக் காற்றை ஊதிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை முழுதாகத் தெளிய ஐந்து வாரம் பிடித்தது. ஐந்து வாரம் காற்று ஊதி ஒரு ஊரின் சாக்கடையைச் சுத்தம் செய்ய முடியாது. ஆனால் அவர்கள் தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கியதைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். அடுத்த முறை சீக்கிரம் தெளிந்தது. அதற்கடுத்த முறை இன்னும் சீக்கிரம். கடைசியில் ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. கொட்டவேண்டியது என்று எல்லோரும் நினைத்த கசடுதான் வேலை செய்கிறது என்பதை 1914 ஏப்ரலில் அறிவித்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் சில ஆண்டுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்துவிட்டார். இன்று உலகத்தின் பெரிய ஊர்கள் பலவற்றில் இந்த முறையோ இதன் பிள்ளைகளோதான் ஓடுகின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆகவே ஆபரேட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை. மந்தை வளர்க்கிறார். தீனி வந்துகொண்டே இருக்கிறது, அதை நிறுத்தவோ கூட்டவோ அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பவை இரண்டுதான்: எவ்வளவு காற்று கொடுப்பது, எத்தனை தலையை வைத்துக்கொள்வது.

காற்று என்பது கரண்ட். பிளாண்டின் மொத்த மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலோ ப்ளோயர்தான் தின்னும். டேங்கில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் போதும். அதற்கு மேல் கொடுப்பது வீண். பாடப் புத்தகங்கள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை, குளிர்காலத்தில் பாக்டீரியா சோம்பிக் கிடப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். எங்கள் கஷ்டம் வேறு. மே மாதம் பாக்டீரியாவுக்கு அசுரப் பசி, அசுர மூச்சு. தண்ணீரோ சூடாக ஆக ஆகக் குறைவான ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். பத்து டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரையும், முப்பது டிகிரியில் ஏழரைதான். கேட்பது கூடும்போது கொள்வது குறைகிறது. அக்னி நட்சத்திரத்தில் மூன்றாவது ப்ளோயரைப் போடலாமா என்று கேட்டால் மின்கட்டணத்தைக் காட்டுவார்கள்.

தலை எண்ணுவதுதான் உண்மையான சாமர்த்தியம். ஏரேஷன் டேங்குக்கு அடுத்துள்ள இரண்டாவது கிளாரிஃபயரின் அடியில் படியும் கசடில் பெரும்பகுதியைத் திரும்ப ஏரேஷன் டேங்குக்கே அனுப்புகிறோம். தின்றதெல்லாம் பெருகும் அல்லவா, ஒரு கிலோ பி.ஓ.டி.யைத் தின்றால் சுமார் அரைக் கிலோ புதுக் கசடு உருவாகும். அந்த உபரியைத் தினமும் வெளியே எடுக்க வேண்டும். வேஸ்டிங் என்போம். அந்த வால்வை இன்றைக்கு எவ்வளவு நேரம் திறப்பது என்பதுதான் கேள்வி. அதிகம் எடுத்தால் கசடு இளசாகி வெள்ளை நுரை பொங்கும், தண்ணீர் தெளியாது. எடுக்காமல் விட்டால் கிழடாகிப் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று நுரை கட்டும். பலன் உடனே தெரிந்தால் பரவாயில்லை. கசடின் வயது ஒரு வாரம், பத்து நாள் என்று இருப்பதால், இன்றைக்கு வால்வில் செய்த தப்பு அடுத்த வாரம் வேறொருவர் ஷிப்டில்தான் தலைகாட்டும். அவர் பதறிப்போய் எதிர்ப்பக்கம் திருகுவார். அதன் பலன் அதற்கடுத்த வாரம். ஒரே ஆள் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் ஒழிய பிளாண்ட் அடங்காது. ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாறும்போது ரீடிங்கை மட்டும் எழுதிவைத்துப் போகிறவரை நான் நல்ல ஆபரேட்டர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். என்ன நினைத்து வால்வைத் தொட்டார் என்பதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் அரை மணி முடிந்ததும் ஜாடியைக் கொட்டவிட மாட்டார். "அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி, டீ குடிச்சுட்டு வந்து பாரு" என்பார். திரும்பி வந்து பார்த்தால், சில நாள் அடியில் படிந்த கசடு கட்டி கட்டியாக மேலே எழும்பி நிற்கும். வெப்பமான ஊரில் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதோடு நிற்பதில்லை. ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்த நைட்ரேட்டையே உடைத்து மூச்சுவிடும், நைட்ரஜன் குமிழ்கள் கசடைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். ஜாடியில் ஒன்றரை மணிக்குள் எழும்பினால் கிளாரிஃபயரிலும் எழும்பத் தயாராக இருக்கிறது, கசடை இன்னும் வேகமாக இழுத்துத் திருப்பி அனுப்பு என்று அர்த்தம். நாங்கள் நிரப்பும் படிவத்தில் இந்த இரண்டாவது பார்வைக்குக் கட்டமே கிடையாது.

சில பிளாண்டில் மைக்ராஸ்கோப் உண்டு. காம்பில் மணி கட்டியது மாதிரி நிற்கும் வோர்ட்டிசெல்லா கூட்டமாகத் தென்பட்டால் அன்று நிம்மதி. அவை சட்டென்று காணாமல் போனால் விஷம் ஏதோ உள்ளே வந்திருக்கிறது, லாரியில் வந்திருக்கலாம். செப்டிக் டேங்க் லாரிகள் குறிப்பிட்ட இடங்களில் கழிவை முறையாக இறக்கலாம், அதற்குத் தமிழகத்தில் 2014 முதலே வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. வீட்டுக் கழிவு என்று சொல்லிக்கொண்டு பட்டறை அமிலமோ சாயமோ கொண்டுவரும் லாரி இரவில்தான் வரும். மந்தை மறுபடி தேறப் பல நாள் ஆகும். பழி லாரிக்கு வராது, அந்த வார ரிப்போர்ட்டில் எங்கள் தலையில் விடியும்.

மூக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாடு இறங்காது. பிறகு நாற்றம் தெரியாமல் போகும். ஆனால் மாற்றம் தெரியும். நன்றாக ஓடும் ஏரேஷன் டேங்கில் மழை பெய்த மண்ணின் வாடைதான் இருக்கும், துர்நாற்றம் இருக்காது. அழுகின முட்டை வாடை வந்தால் காற்று போதவில்லை, ஹைட்ரஜன் சல்ஃபைட் கிளம்பியிருக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் வாசனை நரம்பே செயலற்றுவிடும். 500ஐத் தாண்டி ஏறினால் ஆள் சுருண்டு விழுவார். அதாவது நாற்றம் குறைந்துவிட்டது என்று தோன்றும் நேரம்தான் ஆபத்து நேரம். "வாசம் இருக்கறவரைக்கும் பயப்படாதே தம்பி, நின்னுபோச்சுன்னா ஓடு" என்று அதே அண்ணன் சொல்லித் தந்தார். காற்றைவிடக் கனமான வாயு அது, கிணற்றிலும் பள்ளத்திலும் தங்கும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் சாவது இதனால்தான். கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. கையடக்கமான ஒரு கேஸ் மீட்டரின் விலையையும் அந்தத் தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்க கணக்குப் பிள்ளை தேவையில்லை. ஆனாலும் மீட்டர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும், சாவி பகல் ஷிப்டிடம் இருக்கும்.

கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் வாயு இன்னொரு ரகம். ஒரு டோனர் சிலிண்டரில் 900 கிலோ. அதற்கு மூக்கு ஏமாறாது. கசிந்தால் காற்று வீசும் திசைக்கு எதிராக, மேட்டைப் பார்த்து ஓட வேண்டும். அதனால்தான் கம்பத்தில் காற்றுப் பை கட்டியிருப்போம். பார்வையிட வருகிறவர்கள் அதைக் கொடி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இத்தனை முடிவுகளையும் எடுக்கிறவர் பெரும்பாலும் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படித்த ஒப்பந்த ஊழியர். அமெரிக்காவில் மாநிலந்தோறும் ஆபரேட்டருக்கு உரிமத் தேர்வு உண்டு, தரநிலைகள் உண்டு. நான் வேலைக்குச் சேரும்போது என்னிடம் மோட்டார் ஓட்டத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் கைமாறினால் சம்பளம் கொடுப்பவர் மாறுவார், சீருடை நிறம் மாறும், அனுபவம் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கசடுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை, அதாவது பழையதைத் திரும்பச் சுற்றில் விடும் அறிவை, ஆட்கள் விஷயத்திலும் காட்டியிருக்கலாம்.

ஒரு மாற்றம் மட்டும் நடந்திருக்கிறது. நெடுங்காலம் எங்கள் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடங்கள் புகார் சொல்லாதவை. சென்னையில் கொடுங்கையூர் பிளாண்டின் நீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு, கோயம்பேடு நீர் கூவத்துக்கு, நெசப்பாக்கம் நீர் அடையாற்றுக்கு. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த அதே 2019இல், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளும் எதிர் சவ்வூடு பரவல் நிலையங்கள் வந்தன. முன்னதன் தண்ணீர் மணலித் தொழிற்சாலைகளுக்கு, பின்னதன் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அவர்கள். கிளாரிஃபயரில் கசடு கொஞ்சம் மிதந்து வந்தாலும் சவ்வு அடைத்துக்கொள்ளும். அங்கே வேலை செய்யும் நண்பர் சொன்னார்: முன்பெல்லாம் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் கலங்கினால் லாக் புக்குக்கு மட்டும்தான் தெரியும், இப்போது அந்தப் பக்கத்திலிருந்து போன் வருகிறது, "சார், ஜாடி எவ்வளவு நிக்குது?" என்று.

(அடுத்த வாரம்: வேஸ்டிங் வால்வில் வெளியேறும் கசடு டைஜஸ்டருக்குப் போய் எரிவாயுவாகி, கேஸ் இன்ஜினை ஓட்டி, அந்த மின்சாரத்தில் மறுபடி ப்ளோயர் சுற்றும் கதை.)