கட்டப்பா குற்றவாளியா? போலாரத்தில் இன்னும் முடியாத வழக்கு

"கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்?"

2015-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி 'பாகுபலி' முதல் பாகம் வெளியானதிலிருந்து இந்தியா முழுவதும் சிறியவர் பெரியவர் என்ற வித்தியாசமின்றிக் கேட்ட கேள்வி இது. இரண்டாம் பாகம் வெளிவந்தது 2017 ஏப்ரல் 28-ம் தேதி. ஏறத்தாழ இருபத்தொன்றரை மாத காலம் விடைக்காக ரசிகர்கள் காத்துக் கிடந்தார்கள். விடை கிடைத்ததும் பேச்சு ஓய்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஓயவில்லை. "ஏன் கொன்றான்?" என்ற கேள்வி போய், "கொன்றது சரிதானா?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

செகந்திராபாத்துக்கு வடக்கே உள்ள போலாரத்தில் இந்தப் பேச்சுக்குத் தனி ருசி உண்டு. படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது இதே ஹைதராபாத்தின் புறநகரில் உள்ள ராமோஜி பிலிம் சிட்டியில். கட்டப்பாவாக நடித்த சத்யராஜோ கோயம்புத்தூர்க்காரர். தெலுங்கு, தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் படம் எடுக்கப்பட்டதால், இங்குள்ள தமிழர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு ஒப்பிட்டும் பேசுவார்கள். போதாததற்கு இது பட்டாளத்து ஊர். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதே வாழ்க்கையாகக் கொண்ட சிப்பாய்களும், ரயில்வே ஊழியர்களும், குமாஸ்தாக்களும் நிறைந்த ஊர். எஜமான் இட்ட கட்டளையை நிறைவேற்றியவன் குற்றவாளியா என்று கேட்டால், இங்கே யாரால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்?

திரைப்படத்தோடு கதை நின்றுவிடவும் இல்லை. 2017-ல் 'பாகுபலி: தி லாஸ்ட் லெஜண்ட்ஸ்' என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. 2024 மே 17-ம் தேதி, அப்போது டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் என்ற பெயரில் இருந்த தளத்தில் 'பாகுபலி: கிரவுன் ஆஃப் பிளட்' என்ற இன்னொரு கார்ட்டூன் தொடர் தொடங்கியது. பாகுபலியும் பல்லாளதேவனும் பகை மறந்து ஒன்றாக நின்று, ரக்ததேவன் என்ற மர்மப் படைத்தலைவனை எதிர்க்கும் கதை அது. கட்டப்பா எந்தப் பக்கம் என்ற சந்தேகத்தை அதன் முன்னோட்டமே கிளப்பிவிட்டது. 2025 அக்டோபர் 31-ம் தேதி இரண்டு பாகங்களையும் சேர்த்து ஒரே படமாக மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். படம் வந்தபோது பிறந்திராத குழந்தைகளும் இப்போது வழக்கில் சேர்ந்துவிட்டார்கள்!

வழக்கின் விவரம்

கதை தெரியாதவர் இருக்க முடியாது என்றாலும், வழக்கு என்றால் விவரம் வேண்டும்.

மகிழ்மதி நாட்டின் அரியணைக்குப் பரம்பரை பரம்பரையாக அடிமைப்பட்ட குலத்தில் வந்தவன் கட்டப்பா. ஆயுதக் கலையில் அவனுக்கு நிகர் இல்லை. படையை நடத்துபவனும் அவனே. அஸ்லாம்கான் என்ற வெளிநாட்டு வணிகன், "உனக்கு விடுதலை வாங்கித் தருகிறேன்" என்று சொன்னபோதுகூட, முன்னோர் கொடுத்த வாக்கைச் சொல்லி மறுத்தவன்.

அந்த நாட்டின் ராஜமாதா சிவகாமி. பிஜ்ஜலதேவனும் அவன் மகன் பல்லாளதேவனும் செய்த சூழ்ச்சியில் அவள் விழுந்துவிடுகிறாள். பல்லாளனைக் கொல்ல பாகுபலி சதி செய்கிறான் என்று நம்பிவிடுகிறாள். பாகுபலியைக் கொன்றுவிடும்படி கட்டப்பாவுக்குக் கட்டளை இடுகிறாள். அவன் கலங்குகிறான், கெஞ்சுகிறான். நீ செய்யாவிட்டால் நானே செய்வேன் என்கிறாள் அவள். கட்டப்பாவின் உயிருக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டுக் காப்பாற்ற ஓடிவருகிறான் பாகுபலி. வந்தவனின் முதுகில் கட்டப்பாவின் வாள் பாய்கிறது.

பிறகுதான் பல்லாளனின் வாயாலேயே உண்மை வெளிப்படுகிறது. ரத்தம் காயாத நிலையில் கட்டப்பா சிவகாமியிடம் போய்ச் சொல்கிறான். அவள் திருந்துகிறாள். ஆனால் போன உயிர் திரும்புமா?

இரு தரப்பு வாதம்

கட்டப்பாவுக்காக வாதாடுபவர்கள் முதலில் எடுத்து வைப்பது அவன் நிலையை. அவன் சுதந்திர மனிதன் அல்ல. சம்பளம் பிடிக்கவில்லை என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறக்கூடியவனும் அல்ல. அவன் மறுத்தாலும் பாகுபலி பிழைத்திருக்க மாட்டான். தாயே மகனைக் கொன்ற பழிதான் மிஞ்சியிருக்கும். அந்தப் பாவத்தை அவன் தன் தலையில் வாங்கிக்கொண்டான் என்பது இவர்கள் கட்சி. உண்மை தெரிந்ததும் ஒளிக்காமல் முகத்துக்கு நேராகச் சொன்னானே, அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

எதிர்க்கட்சி வாதம் இதைவிடச் சூடானது. குழந்தையாகத் தூக்கி வளர்த்தவன் அவன். பாகுபலியின் குணம் அவனுக்குத் தெரியாதா? சரி, கட்டளையை மீற முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பாகுபலியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! தன்னைக் காப்பாற்ற வந்தவனை, முகம் பார்க்காமல் முதுகில் குத்துவதா வீரம்? இத்தோடும் முடியவில்லை. கொன்றது ஒரு நாள் தவறு. அதன் பிறகு தேவசேனை சங்கிலியில் கிடந்த 25 ஆண்டுகளும் அதே பல்லாளனின் அரியணைக்கு வாள் பிடித்தானே, அதற்கு என்ன சமாதானம்?

அந்தச் சிறையிலிருந்து தப்புவிக்கிறேன் என்று அவன் தேவசேனையிடம் சொல்லிப் பார்த்ததையும், அவள் மறுத்துவிட்டதையும் முதல் கட்சி உடனே நினைவூட்டும். ஒரு பெண்ணைத் தப்புவிக்கத் துணிந்தவன் ஒரு கொடுங்கோலனை எதிர்க்கத் துணியவில்லையே என்று இரண்டாம் கட்சி திருப்பிக் கொடுக்கும்.

தமிழனுக்குப் பழகிய வழக்கு

உண்மையில் தமிழர்களுக்கு இந்த வழக்கு புதியதல்ல. 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பிறகு, ஊர் ஊராகக் கம்பன் விழாக்களில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே போர்க்களத்தில் உயிர்விட்ட கும்பகருணன் உயர்ந்தவனா? தவறு செய்த அண்ணனைத் துறந்து தர்மத்தின் பக்கம் போன வீடணன் உயர்ந்தவனா? இந்தத் தலைப்பில் நடுவர் தீர்ப்புச் சொன்ன பிறகும் வீட்டுத் திண்ணையில் வாதம் தொடர்ந்ததை யார் மறப்பார்கள்?

பாரதத்தில் பீஷ்மர் இருக்கிறார். துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அஸ்தினாபுரத்து அரியணைக்குக் கொடுத்த வாக்கு அவரைக் கட்டிப்போட்டது. சபையில் திரௌபதி நியாயம் கேட்டபோது தெளிவான பதில் சொல்ல அவரால் முடியவில்லை. பிறகு பத்து நாள் கௌரவ சேனைக்குத் தலைமை தாங்கினார். பாண்டவரைக் கொல்ல மாட்டேன், சிகண்டியோடு போரிட மாட்டேன் என்று அவரே விதித்துக்கொண்ட நிபந்தனைகள் ஒருபுறம். கர்ணனோடு பகைத்ததால் அந்தப் பத்து நாளும் அவன் களத்துக்கே வராதது மறுபுறம். சேனாபதி என்ற முறையில் பார்த்தால் எவ்வளவு பெரிய குறை! அவர் மீது நமக்குள்ள மரியாதை மட்டும் குறையவில்லை. கட்டப்பாவைப் பார்க்கும்போது கை தட்டவும் தோன்றுகிறது, கோபிக்கவும் தோன்றுகிறது என்றால், காரணம் இந்தப் பழைய பழக்கம்தான்.

அதே சபையில் இன்னொருவரும் இருந்தார், அவர் விதுரர். ஒவ்வொரு முறையும் தவறைத் தவறு என்று சொன்னார். கண்ணன் தூது வந்தபோது தமக்கு விருந்தளித்ததற்காக துரியோதனன் இழித்துப் பேச, விதுரர் தம் வில்லை ஒடித்துப் போட்டுப் போரிலிருந்தே விலகிக்கொண்டார் என்பது வில்லிபாரதம் படித்தவர்கள் அறிந்தது. அவர் எதிரியின் பாசறைக்கும் போகவில்லை. அநியாயத்துக்காக வில்லையும் எடுக்கவில்லை.

போலாரம் கண்ட நிஜக் கதை

கதையில் மட்டுமல்ல, போலாரம் மண்ணிலேயே ஒரு தலைவனின் தவறான முடிவு ரத்தத்தில் முடிந்தது உண்டு.

ஹைதராபாத் கன்டின்ஜென்ட் என்ற படை இங்கே தங்கியிருந்த காலம். 1853-ம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு அது பிரிட்டிஷார் கைக்கு முழுமையாக வந்துவிட்டது. ஆப்கன் யுத்தத்தில் பெயர் வாங்கிய பிரிகேடியர் காலின் மெக்கென்சி தலைமை அதிகாரி. 1855 செப்டம்பரில் மொஹரம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குறுக்கிட்டதால் அன்று ஊர்வலமும் மேளமும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வழக்கத்துக்கு விரோதமான இந்த உத்தரவால் சிப்பாய்களிடையே கொதிப்பு உண்டாயிற்று. உத்தரவு பிறகு மாற்றப்பட்டது என்றாலும் புண் ஆறவில்லை. 21-ம் தேதி ஊர்வலம் ஒன்று தம் பங்களாப் பக்கம் வந்தபோது, மெக்கென்சி தாமே இறங்கிப் போய்த் தடுத்தார். சற்று நேரத்தில் மூன்றாம் குதிரைப்படை வீரர்கள் வாளோடு பாய்ந்தார்கள். அவர் உடம்பில் பத்துக் காயங்கள். உயிர் பிழைத்தது அதிசயம்.

அவருடைய துணிவைப் பாராட்டிய டல்ஹவுசியின் அரசாங்கம், அவர் நடந்துகொண்ட முறை விவேகமானது என்று ஏற்கவில்லை. இரண்டு ஆண்டுகளில், 1857-ல், வட இந்தியா முழுவதும் தீப்பற்றியது.

கட்டப்பா தவறான கட்டளைக்குத் தலைவணங்கினான். மூன்றாம் குதிரைப்படை தவறான கட்டளைக்கு வாளால் பதில் சொன்னது. இரண்டிலும் ரத்தம் சிந்தியது. இந்த இரண்டைத் தவிர வேறு வழியே கிடையாதா?

சட்டம் சொல்வது என்ன?

உண்டு என்கிறது இன்றைய சட்டம். 1950-ம் ஆண்டு இந்திய ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவு, கீழ்ப்படிய மறுக்கும் சிப்பாய்க்குத் தண்டனை விதிக்கிறது. ஆனால் அது பேசுவது சட்டப்படியான கட்டளையைப் பற்றி. மேலதிகாரி வாயிலிருந்து வருவதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரம்பர்க் நகரில் 1945-46-ல் ஹிட்லரின் தளபதிகளை விசாரித்தபோதும், "உத்தரவைத்தானே நிறைவேற்றினோம்" என்று அவர்கள் சொன்னார்கள். அந்த நீதிமன்றத்தின் சாசனம் அதற்கு முன்பே இதற்கு விதி வகுத்திருந்தது. மேலிடத்து உத்தரவு என்பதால் ஒருவன் பொறுப்பிலிருந்து விடுபட முடியாது. நியாயம் என்று தோன்றினால் தண்டனையைக் குறைப்பதற்கு வேண்டுமானால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு விதி இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் மூன்றாவது விதி அது. மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் வாயால் சொல்ல நேர்ந்தால், பிறகு உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அப்படி உறுதி கேட்டு வாங்குவது ஊழியரின் கடமை என்றும் விதி சொல்கிறது. "எழுத்தில் கொடுங்கள் ஸார்" என்ற மூன்று வார்த்தையால் எத்தனை குமாஸ்தாக்கள் தப்பித்திருக்கிறார்கள் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும். வாயால் உத்தரவு போட்ட பல அதிகாரிகள், பேனாவைக் கையில் எடுத்ததும் யோசிக்க ஆரம்பிப்பார்கள் என்பதும் தெரியும்.

மகிழ்மதி அரண்மனையில் விசாரணை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்துக் கேட்கவில்லை. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. சிவகாமியின் வாயிலிருந்து வந்த வார்த்தை நேராக வாள் முனைக்குப் போய்விட்டது. நடுவே ஓர் இரவு கழிந்திருந்தால், "விசாரித்துவிட்டுச் செய்கிறேன் தாயே" என்று கட்டப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பல்லாளனின் சதி விடிவதற்குள் வெளிப்பட்டிருக்கலாம்.

தீர்ப்பு

ஆக, கட்டப்பா குற்றவாளியா? குற்றவாளிதான். ஆனால் முதல் குற்றவாளி அவன் அல்ல. விசாரிக்காமல் தண்டித்த சிவகாமி அவனுக்கு முன்னால் கூண்டில் ஏற வேண்டும். பொய் சொன்ன பல்லாளனும் பிஜ்ஜலனும் அவளுக்கும் முன்னால் ஏற வேண்டும். அடிமை என்பதால் கட்டப்பாவுக்குத் தண்டனையைக் குறைக்கலாம். விடுதலை செய்ய முடியாது. கேட்க வேண்டிய இடத்தில் அவன் கெஞ்சினான். கெஞ்சுபவன் தனக்காகப் பேசுகிறான். கேள்வி கேட்டிருந்தால் அது பாகுபலிக்காகப் பேசியதாக இருந்திருக்கும்.

வெளியூரில் பிழைக்க வந்தவர்களுக்கு இது வெறும் சினிமாப் பேச்சு அல்ல. வேலை போனால் ஊரில் கடன், வீட்டில் குழந்தைகள் என்ற பயத்தில், கண்ணெதிரே நடக்கும் தவறுக்கு முகம் திருப்பிக்கொள்ளும் நிலை யாருக்கும் வரலாம். எல்லாரும் வில்லை ஒடித்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் எழுத்தில் கேட்கலாம். ஒரு நாள் அவகாசம் கேட்கலாம். பழிக்கு ஆளானவனிடம் நேரில் ஒரு வார்த்தை விசாரிக்கலாம். அடிமையாகப் பிறந்த கட்டப்பாவுக்கு எந்த விதிப் புத்தகமும் துணை நிற்கவில்லை. சம்பளத்துக்கு உழைக்கும் இன்றைய ஊழியனுக்கு அது மேஜை டிராயரிலேயே இருக்கிறது.

இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளாதவர்கள் மேல்முறையீடு செய்யலாம். மேட்சலிலிருந்து செகந்திராபாத் போகும் எம்.எம்.டி.எஸ். வண்டியில் போலாரத்தில் ஏறினால் போதும். இறங்குவதற்குள் புதிய நடுவர் கிடைத்துவிடுவார்.