கராஜுக்குள் கழிவு ஒயில் அடுப்பு: உடம்பும் சட்டமும் சொல்வது

ஒன்ராறியோவில் நாலு சுவருக்குள் நடக்கும் எந்த வேலைத்தலமும் 18 பாகை செல்சியசுக்குக் குறைவாகக் குளிரக் கூடாது. தொழிற்கூடங்களுக்கான ஒழுங்குவிதி 851 இதைச் சொல்கிறது. கார் திருத்தும் கராஜுகளில் வேலை செய்கிற பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. விறைத்த விரல்களால் நட்டுக் கழற்றுவதும் தொழிலோடு சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விதிக்கு விலக்குகள் உண்டு. வாகனம் உள்ளே வரவும் வெளியே போகவும் கதவைத் திறந்தபடி இருப்பதால் அந்தச் சூட்டைத் தக்கவைக்க முடியாத இடம் அவற்றில் ஒன்று. ஆனால் விலக்கு 18 என்ற இலக்கத்துக்கு மட்டும்தான். செய்யும் வேலைக்கு ஏற்ற வெப்பநிலை இருக்க வேண்டும் என்ற கடமை அப்போதும் முதலாளியின் தலையில்தான் நிற்கிறது.

அந்தக் கடமையை மலிவாக முடிக்கிற வழியாகத்தான் பல இடங்களில் கழிவு ஒயில் அடுப்பு உள்ளே வருகிறது.

கணக்கு முதற்பார்வைக்கு நியாயமாகவே தெரியும். ஒரு காருக்கு ஒயில் மாற்றினால் 4, 5 லீற்றர் கழிவு மிஞ்சும். ஒரு லீற்றரை எரித்தால் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். ஜனவரியில் ரொறன்ரோப் பகுதியில் இரவு -20 பாகைக்கு இறங்கும் நாட்களில் எரிவாயுக் கட்டணத்தைப் பார்க்கிறவருக்கு, மூலையில் நிறைந்து கிடக்கும் ட்ரம் காசாகத்தான் தெரியும். பழைய காஸ் சிலிண்டர் ஒன்று அல்லது கழற்றி எறிந்த சுடுநீர்த் தாங்கி ஒன்று, உள்ளே ஒரு பிரேக் ட்ரம், மேலே ஒரு கான், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒயில் விழும் செப்புக் குழாய், கூரைக்கு மேலே போகும் புகைபோக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒட்டி முடித்துவிடலாம். யோசனையும் புதிதல்ல. அமெரிக்காவின் ‘மதர் எர்த் நியூஸ்’ சஞ்சிகை 1970களிலேயே இதற்கான வரைபடங்களை வெளியிட்டது. இன்றைக்கு அவை காணொளிகளாக வலம் வருகின்றன.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கராஜ் நடத்துகிற தமிழர் பலர், இல்லாததை வைத்து வாகனம் ஓட்டிக் காட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கைகள் அவை. அந்தக் கெட்டித்தனம் மதிக்கப்படவேண்டியது. ஆனால் அது திறந்த வெளியில், வேறு வழி இல்லாதபோது செய்தது. இங்கே கதவு பூட்டிய கட்டடத்துக்குள், வழி இருக்கும்போது, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் மூச்சை வைத்துச் செய்யப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

முதல் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஒயில் சரியாக எரியாதபோது காபன் மொனொக்சைட் உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சொட்டுகிற வேகம் கொஞ்சம் கூடினாலும், புகைபோக்கிக்குள் கரி படிந்தாலும், பலமான காற்று புகையைக் கீழே தள்ளினாலும் அளவு ஏறிவிடும். உள்ளே ஓடவிட்டுச் சோதிக்கும் காரின் புகையும் அதோடு சேரும். ஒன்ராறியோவில் 8 மணி நேர வேலைநாளுக்கு அனுமதிக்கப்பட்ட சராசரி, பத்து இலட்சத்தில் 25 பங்கு மட்டுமே.

“அண்ணை, தலை இடிக்குது, சத்தி வாற மாதிரிக் கிடக்கு.”

“காலமை சாப்பிட்டிருக்க மாட்டாய் தம்பி. வெளியில போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா.”

குளிர்காலக் கராஜில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் அதைப் பசி என்று தள்ளிவிடக் கூடாது. வெளியே போனால் தலையிடி குறைகிறது, உள்ளே வந்து அரை மணியில் திரும்புகிறது, இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வருகிறது என்றால் அது நஞ்சு ஏறுவதன் அடையாளம். உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். 911ஐ அழைக்க வேண்டும். இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். விரல் நுனியில் மாட்டும் சாதாரண ஒட்சிசன் மானியால் காபன் மொனொக்சைட் ஒட்டிய இரத்தத்தைப் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் அது 98, 99 என்று காட்டலாம். அதனால் வந்து நிற்கும் மருத்துவ உதவியாளரிடம், “உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது” என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் இரத்தப் பரிசோதனைக்கும் முழு ஒட்சிசன் சிகிச்சைக்கும் வழி திறக்கும்.

இரண்டாவது ஆபத்து ட்ரம்முக்குள் இருக்கிறது. புது ஒயில் வேறு, கழிவு ஒயில் வேறு. இயந்திரத்துக்குள் ஓடி முடித்த ஒயிலில் தேய்ந்த உலோகத் துகள்கள், தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்த துத்தநாகமும் பொஸ்பரசும், அரைகுறையாக எரிந்த எரிபொருளிலிருந்து வந்த பல்வளைய ஐதரோகாபன்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். இந்த ஐதரோகாபன் குடும்பத்தைச் சேர்ந்த பென்சோபைரீனை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதலாம் வகையில் வைத்திருக்கிறது. எரித்தால் உலோகங்கள் மறைந்துபோவதில்லை. புகையோடு போவது போக, மீதி சாம்பலில் நிற்கும். அதைச் சுரண்டித் துப்புரவாக்குகிறவரின் மூக்குக்குள் போகும்.

இதைவிடக் கொடியது, ட்ரம்முக்குள் மற்றவை கலப்பது. பிரேக் கிளீனர் பல குளோரின் சேர்ந்த கரைப்பான்களால் ஆனவை. பிரேக் வேலை முடிந்து தட்டில் வழிந்ததை அதே ட்ரம்முக்குள் ஊற்றுவது சாதாரணமாக நடக்கிறது. அது எரியும்போது ஐதரசன் குளோரைட்டு உண்டாகும். நிலைமையைப் பொறுத்து பொஸ்ஜீனும் டையொக்சினும் உண்டாகலாம். பொஸ்ஜீன் முதலாம் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட வாயு.

கழிவு ஒயிலின் நிறத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லமுடியாது என்பதற்கு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஓர் ஊரே சாட்சி. டைம்ஸ் பீச் என்ற சிற்றூரின் மண் தெருக்களில் தூசி எழாமல் இருக்க 1970களின் தொடக்கத்தில் கழிவு ஒயில் தெளிக்கப்பட்டது. தெளித்த ஒப்பந்தகாரர் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவையும் ஏற்றி, ஒயிலோடு கலந்து பயன்படுத்தியிருந்தார். அதில் டையொக்சின் இருந்தது. அதே ஒயில் தெளிக்கப்பட்ட குதிரைப் பயிற்சிக் களங்களில் குதிரைகள் செத்து விழுந்தன. 1983 பெப்ரவரியில் அரசு ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றுவதாக அறிவித்தது. டைம்ஸ் பீச் இன்று வரைபடத்தில் ஊராக இல்லை. ‘எங்கள் கராஜ் ஒயில் போதாது, பக்கத்துக் கடையில் இருந்தும் எடுத்துவருவோம்’ என்று நினைக்கிறவர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

தீயும் வெடிப்பும் மூன்றாவது. ட்ரம்முக்குள் தண்ணீரும் கூலண்டும் இறங்கி அடியில் நிற்கும். குழாய் பெரும்பாலும் அடியில் இருந்துதான் எடுக்கும். ஒயில் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று தண்ணீர் விழுந்தால், பழுக்கக் காய்ந்த இரும்பில் அது ஒரே கணத்தில் 1,700 மடங்கு நீராவியாக விரிந்து, எரிகிற ஒயிலை வெளியே வீசும். இன்னொரு வகை இதைவிட அடிக்கடி நேரக்கூடியது. சுவாலை அணைந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒயில் சொட்டுவது நிற்காது. சூடான தட்டில் விழுந்த ஒயில் வெண்புகையாக எழுந்து சிலிண்டரை நிரப்பும். யாரோ ஒருவர் மூடியைத் திறந்து, எரிகிற துணியை உள்ளே போடுவார். அப்போது எரிவது ஒயில் அல்ல, உள்ளே நிரம்பிய ஆவி முழுவதும். முகமும் கைகளும்தான் முதலில் கருகும். சான்று பெற்ற எண்ணெய் எரிகலனில் சுவாலை அணைந்தால் எரிபொருளைத் தானாக நிறுத்தும் கருவி இருப்பது இதற்காகத்தான். கையால் செய்த அடுப்பில் அது இருப்பதில்லை.

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது நிலத்தோடு ஊர்ந்து, குழியிருந்தால் குழிக்குள் தேங்கும். அடுப்பும் நிலத்தில்தான் நிற்கிறது.

இனிச் சட்டம். காணொளிகளில் பேசுகிற அமெரிக்கர், “இது சட்டப்படி சரி” என்று சொல்லும்போது அவர் 1992இல் வந்த அமெரிக்க மத்திய விதிகளைச் சொல்கிறார். அதன்படி ஒரு கராஜ் தன் சொந்தக் கழிவு ஒயிலையும், வீட்டில் தாங்களே ஒயில் மாற்றுகிறவர்கள் கொண்டுவருவதையும் மட்டும் எரிக்கலாம். எரிகலனின் திறன் மணிக்கு 5 இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகைத் தாண்டக் கூடாது. புகை கட்டாயம் வெளியே போக வேண்டும். அதற்கு மேல் மாநிலச் சட்டமும் உள்ளூர்த் தீயணைப்பு விதியும் இருக்கின்றன. அந்த அனுமதி எல்லை தாண்டி வராது. ஒன்ராறியோவின் தென்பகுதியில், அதாவது தமிழர் செறிந்து வாழும் பகுதி முழுவதிலும், கழிவு ஒயிலை வெப்பமூட்டியில் எரிப்பதற்கு 2009 முதல் தடை இருக்கிறது. கடையில் வாங்கிய, சான்று பெற்ற எரிகலனுக்கே தடை என்றால் சிலிண்டரை வெட்டிச் செய்ததைப் பற்றிப் பேசவே தேவையில்லை. இங்கிலாந்தும் 2016 ஏப்ரலில் கராஜுகளின் சிறு கழிவு ஒயில் எரிகலன்களைப் பெரிய கழிவு எரிப்பு ஆலைகளுக்கான கடும் விதிகளுக்குள் கொண்டுவந்தது. ஒரு கராஜால் அந்த விதிகளைக் கட்டுப்படியான செலவில் நிறைவேற்ற முடியாது. இலண்டன் உறவினர் வைத்திருந்தாரே என்பதும் இதனால் பழங்கதை ஆகிவிட்டது.

வாடகைக் கட்டடத்தில் இருப்பவருக்குக் காப்புறுதிச் சிக்கலும் உண்டு. ஸ்காபரோவின் தொழில் வளாகங்களில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் கராஜ், அந்தப் பக்கம் களஞ்சியம் அல்லது சமையல்கூடம். தீ அடுத்த அலகுக்குப் பரவினால், சான்றில்லாத அடுப்பைக் காரணம் காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். ஆயுள் முழுக்கச் சேர்த்தது ஓர் இரவில் போய்விடும்.

வேலை செய்கிறவருக்கு என்ன வழி? ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைத் தருகிறது. நடைமுறை எளிது. மேற்பார்வையாளரிடம் அல்லது முதலாளியிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் உங்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். அதுவரை நீங்கள் பாதுகாப்பான இடத்தில் நிற்கலாம். விசாரித்த பிறகும் ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், ஒன்ராறியோ தொழில் அமைச்சின் பரிசோதகரை அழைக்க வேண்டும். 6 முதல் 19 பேர் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் தரப்புப் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். பயன்படுத்தும் பிரேக் கிளீனரில் என்ன இருக்கிறது என்ற பாதுகாப்புத் தாளைக் கேட்டுப் பார்க்கவும் உரிமை உண்டு.

‘கேட்டால் வேலை போய்விடும்’ என்ற பயம் உண்மையானது. ஊர்க்காரர், சொந்தக்காரர், விசா முடியும்வரை கைகொடுத்தவர் என்றால் வாய் திறப்பது இன்னும் கடினம். ஆனால் பாதுகாப்புப் பற்றிக் கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்துவதை, நேரத்தைக் குறைப்பதை, மிரட்டுவதை அதே சட்டத்தின் 50ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபையில் முறையிடலாம். தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இதில் இலவசமாக உதவுகிறது. பெயர் சொல்லாமலும் அமைச்சுக்கு முறைப்பாடு கொடுக்கலாம். குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளியைத் தொழிலாளியாகத்தான் பார்க்கிறது.

நோயோ காயமோ வந்துவிட்டால் வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையில் 6 மாதத்துக்குள் கோரிக்கை பதிய வேண்டும். வைத்தியரிடம் போகும்போதே, இது வேலையில் வந்தது என்று சொல்லிப் பதியவைப்பது அவசியம். ‘வீட்டில் வந்த தலைச்சுற்று என்று சொல்லு, செலவை நான் பார்க்கிறேன்’ என்று முதலாளி சொன்னால் அதற்கு உடன்படவேண்டாம். அப்படித் தடுப்பது அவருக்கே குற்றம்.

கராஜ் நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். எரிவாயுவில் இயங்கும் கதிர்வீச்சு வெப்பமூட்டி, தொழில்நுட்பத் தரங்கள், பாதுகாப்பு அதிகாரசபையின் உரிமம் பெற்றவர் பொருத்தினால், கதவு திறந்து மூடினாலும் தரையையும் ஆட்களையும் சூடாக வைத்திருக்கும். கதவின் ஓரத்து ரப்பரை மாற்றுவதும் பிளாஸ்டிக் திரை தொங்கவிடுவதும் பெரிய செலவில்லை. கழிவு ஒயிலைத் தண்ணீரோ கரைப்பானோ கலக்காமல் தனி ட்ரம்மில் வைத்தால், உரிமம் பெற்ற சேகரிப்பாளர் வந்து எடுத்துப்போவார். ஒன்ராறியோவிலேயே பிரெஸ்லோ என்ற இடத்தில் கழிவு ஒயிலை மீளச் சுத்திகரித்து மீண்டும் மசகு எண்ணெயாக்கும் ஆலை இயங்குகிறது. சுத்தமாகச் சேர்த்த ஒயிலுக்கு அங்கே மறுவாழ்வு உண்டு. பாதுகாப்புச் சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கான உச்ச அபராதம் 20 இலட்சம் டொலர் என்பதையும், உங்களை ‘அண்ணை’ என்று கூப்பிடும் பிள்ளைகள்தான் அந்தப் புகைக்குள் நிற்கிறார்கள் என்பதையும் ஒருங்கே நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

உங்கள் கராஜில் இப்படி ஓர் அடுப்பு இருந்தால் இன்றைக்கே அணைத்து, ஒயில் குழாயைக் கழற்றிவிடுங்கள். எந்த வெப்பமூட்டி இருந்தாலும் ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் வாங்கி மாட்டுங்கள். ஒன்ராறியோ தொழில் அமைச்சின் பாதுகாப்பு அழைப்பு மையத்தின் இலவச இலக்கம் 1-877-202-0008.