அம்மையன்று, மருந்தின் வினை

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சிற்றூர்களில் காய்ச்சலுடன் உடலில் கொப்புளம் கண்டால் அதனை அம்மை எனக் கொள்வது நெடுநாள் வழக்கம். வாசலில் வேப்பிலை செருகப்படும். நோயாளி தனியிடத்தில் படுக்கவைக்கப்படுவார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதும் உண்டு. தொற்று பிறருக்குப் பரவாமல் காத்த வகையில் அத்தனிமை நன்மையே செய்தது. ஆயினும் கொப்புளங்கள் அனைத்தும் அம்மையல்ல. வலிப்புக்கோ மூட்டுவலிக்கோ காய்ச்சலுக்கோ உட்கொண்ட மாத்திரையே மிகச் சிலரின் தோலை உரித்துவிடுகிறது. அத்தகையவரை வீட்டிலேயே வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உயிருக்குக் கேடாக முடியலாம்.

இக்குழப்பம் சிற்றூராருக்கு மட்டும் உரியதன்று. 1922ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் மருத்துவர் இருவர், காய்ச்சலும் தடிப்பும் வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் கொண்ட இரு சிறுவர்களைக் கண்டனர். அதனைப் புதுவகைக் கொப்புளக் காய்ச்சல் என்றே அவர்கள் எழுதினர். 1956இல் ஸ்காட்லாந்து நாட்டுத் தோல் மருத்துவர் ஆலன் லயல், கொதிநீர் பட்டாற்போல் தோல் கழன்ற நால்வரைப் பற்றி எழுதினார். இவையிரண்டும் ஒரே நோயின் இரு நிலைகள் என்பதும், பெரும்பாலும் மருந்துகளே அதற்குக் காரணம் என்பதும் பின்னரே தெளிவாயின. உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகத் தோல் கழன்றால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய். 30 விழுக்காட்டைக் கடந்தால் நச்சு மேல்தோல் அழிவு. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒரு சிலருக்கே இது வருகிறது. எனினும் மேல்தோல் அழிவுக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் உயிரிழக்கின்றனர்.

காவலே பகையாதல்

ஒரே மாத்திரையை ஆயிரக்கணக்கானோர் உண்ண, ஒருவரை மட்டும் அது தாக்குவது ஏன்? விடையின் ஒரு பகுதி மரபணுவில் உள்ளது. அணுக்களின் மேற்பரப்பில் அமைந்த ஒருவகைப் புரதங்கள், தன்னுடையது எது, அயலானது எது என்பதை வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. சிலரிடம் உள்ள புரத வகையோடு மருந்து ஒட்டிக்கொள்ளும்போது, வெள்ளணுக்கள் தம் உடலின் தோலையே அயற்பொருளாகக் கருதி, கிரானுலைசின் என்னும் நச்சுப் புரதத்தைச் சுரந்து அழிக்கின்றன. 2004இல் தைவான் ஆய்வாளர்கள், கார்பமாசிபைன் என்னும் வலிப்பு மருந்தால் இந்நோயுற்ற 44 பேரை ஆராய்ந்தனர். அனைவரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. அதன்பின், ஆசிய மரபினருக்கு அம்மருந்தைத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்யுமாறு அமெரிக்க அரசு 2007இல் அறிவுறுத்தியது. பினைடாயின், லாமோட்ரிஜின், கீல்வாதத்திற்குத் தரப்படும் அலோபியூரினால், சல்பா மருந்துகள், சில வலி நீக்கிகள் ஆகியனவும் இந்நோயைத் தூண்டக்கூடியவை.

மருந்தை முதன்முறை தொடங்கிய நான்கு நாள் முதல் நான்கு வாரத்திற்குள் பெரும்பாலும் நோய் தலைகாட்டும். முதலில் காய்ச்சல், தொண்டைவலி, கண்ணெரிச்சல். பின்னர்க் கருஞ்சிவப்புத் திட்டுகள். சின்னம்மைக் கொப்புளம் பெரிதும் அரிக்கும். இதிலோ தோல் தீப்பட்டதுபோல் வலிக்கும். உதடு வெடித்துக் குருதி கட்டும். வாயில் புண் பரவி நீர் விழுங்குவதும் அரிதாகும். சிறுநீர் கழிக்கையில் எரியும். தோலில் கைபட்டாலே மேல்படலம் நழுவும். இவற்றுள் ஓரிரண்டு தோன்றினும் காத்திருத்தல் கூடாது.

ஐயத்திற்குரிய மருந்தை உடனே நிறுத்துவதே மருத்துவத்தின் முதற்படி. எந்த மருந்து என்பது தெரிந்தாலன்றோ நிறுத்த இயலும்? கடைகளில் அட்டையிலிருந்து வெட்டியெடுத்து, காகிதப் பொட்டலத்தில் கலந்து கொடுக்கப்படும் மாத்திரைகளுக்குப் பெயரில்லை. தீப்பெட்டி ஆலைக்கு விடுப்பெடுக்க இயலாமல் காய்ச்சலுக்கு இரண்டு வேளை மாத்திரை வாங்கி விழுங்கிச் செல்லும் பெண்ணிடம் மருந்துச் சீட்டும் இருப்பதில்லை. வெறும் அட்டையேனும் கையில் இருந்தால் மருத்துவருக்கு அது பேருதவி.

தோலிழந்த உடல் தீக்காயமுற்ற உடலை ஒத்தது. நீரும் வெப்பமும் வெளியேறும், கிருமி உள்ளே புகும். ஆகவே கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்றவர், தீவிரச் சிகிச்சைக்குத் திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டியிருக்கும். தோல் சில வாரங்களில் மீண்டும் வளரும். கண்ணோ அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. இமை கண்ணோடு ஒட்டிக் கருவிழி மங்கலாம். தொடக்க நாள்களிலேயே கண் மருத்துவர் பார்த்தால் இதனைப் பெரிதும் தடுக்கலாம். பார்வை முற்றும் போன சிலருக்கு, அவர்தம் பல்லையே செதுக்கி, அதனுள் ஒளிபுகும் ஆடியைப் பொருத்திக் கண்ணில் அமைக்கும் அறுவை மருத்துவம் சென்னைச் சங்கர நேத்ராலயாவில் செய்யப்படுகிறது.

நோயினின்று மீண்டவர் அம்மருந்தையும் அதன் இனத்தைச் சார்ந்தவற்றையும் வாழ்நாள் முழுதும் தவிர்த்தல் வேண்டும். மருந்தின் பெயரை எழுதிய அட்டையை உடன் வைத்திருப்பதும், உடன்பிறந்தார்க்கும் பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லிவைப்பதும் நன்று. மருந்தின் தீவிளைவுகளைத் திரட்ட 2010இல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மாதவிடாய் வலிக்குப் பலரும் உண்ணும் மெபனமிக் அமிலம் கடுந்தோல் எதிர்வினையை உண்டாக்கலாம் என 2023இல் இத்திட்டம் எச்சரித்தது இத்தகைய செய்திகளின் துணைகொண்டே. மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் தமிழ்ப் படிவத்திலோ 1800 180 3024 என்னும் கட்டணமில்லா எண்ணிலோ செய்தி தெரிவிக்கலாம்.