உறுப்புகளை இணைக்கும் மருத்துவர்

தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த மீனவர் ஊர் தருவைகுளம். இவ்வூர்ப் படகுகள் பல நாள் தங்குகடல் தொழிலுக்குச் செல்பவை. அவற்றுள் ஒன்றில் தொழில் செய்யும் நீரிழிவாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நரம்புகள் உணர்விழந்த காலில் சிப்பி கீறியதை அவர் அறியவில்லை. கரை திரும்புகையில் புண் சீழ்பிடித்துவிட்டது. உறவினர் அவரைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கின்றனர்.

அங்கே அறுவை மருத்துவர் அழுகிய தசையை நீக்குவார். பொது மருத்துவர் குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவார். சிறுநீரக வல்லுநரும் கண் வல்லுநரும் தத்தம் உறுப்பை ஆராய்வர். ஒவ்வொருவர் அறிவும் ஆழமானது, நோயாளிக்கு இன்றியமையாதது. ஆயினும் இவர்கள் எழுதும் குறிப்புகள் அனைத்தையும் சேர்த்து, ஒரு மனிதரின் வாழ்வாகப் படிப்பது யார் கடமை? குடும்ப மருத்துவம் பயிலும் பட்டமேற்படிப்பு மருத்துவரின் கடமை அது என்பதே என் துணிபு.

அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டில் குடும்ப மருத்துவம் தனிச் சிறப்புத்துறையாக ஏற்கப்பட்டது. இந்தியாவில் தேசியத் தேர்வு வாரியம் இதற்கு மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கிறது. 2002, 2017 ஆகிய ஆண்டுகளின் தேசிய நலவாழ்வுக் கொள்கைகள் இத்துறையின் தேவையை வலியுறுத்தின. பயிற்சிக் காலத்தில் இம்மருத்துவர் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சை எனப் பல பிரிவுகளில் மாறிமாறிப் பணிபுரிகிறார். எந்தப் பிரிவிலும் சில திங்களே தங்குவதால், குருதி எடுக்கவும் சீட்டு எழுதவும் கிடைத்த உதவியாளராக மட்டும் கருதப்படும் இடர் அவருக்கு உண்டு. அவ்வாறு கருதினால் இழப்பு நோயாளிக்கே.

மருந்துகளையே சான்றாகக் கொள்வோம். அம்மீனவர் குருதி அழுத்தத்துக்கு ஏசிஇ தடுப்பி மாத்திரையும், கால் வீக்கத்துக்கு நீரிறக்கி மாத்திரையும் உட்கொள்கிறார். வலை இழுத்து நோகும் தோளுக்குக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறார். வலி மாத்திரை, சிறுநீரக வடிகட்டிக்குக் குருதியைக் கொணரும் நுண்தமனியை விரியவிடாது. ஏசிஇ தடுப்பி, குருதி வெளியேறும் நுண்தமனியை விரிக்கும். நீரிறக்கி, உடலின் நீரளவைக் குறைக்கும். மூன்றும் கூடும்போது வடிகட்டும் அழுத்தம் சரிகிறது. கடல் வெயிலில் வியர்த்து உடல் வறண்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவும் கூடும். மருத்துவர் எழுதிய மாத்திரைகள் மருத்துவமனைக் குறிப்பேட்டில் இருக்கும். கடையில் வாங்கியது இராது. அதைக் கேட்டறிந்து, பிரிவு வல்லுநர் அனைவர்க்கும் உரைப்பவர் குடும்ப மருத்துவப் பயிற்சியாளராக இருத்தல் வேண்டும்.

அம்மீனவருக்கு இன்சுலின் தேவைப்பட்டால், அதைக் குறித்தும் இவ்வாறே கேட்டறிதல் வேண்டும். திறவாத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. மீன் காக்கும் பனிக்கட்டியினுள் குப்பியைப் புதைத்தால் மருந்து கெடும். வெயிலில் விட்டாலும் கெடும். எத்தனை நாள் கடலில் தங்குவார், படகில் குப்பியை எங்கே வைப்பார், ஈரத் தளத்தில் எதை அணிந்து நிற்பார் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அவரை வீட்டுக்கு அனுப்புதல் மருத்துவத்தைப் பாதியில் நிறுத்துவதாகும்.

ஆகவே கூட்டு மருத்துவக் குழுவில் இப்பயிற்சியாளருக்கு மூன்று பணிகளை வரையறுத்து ஒப்படைக்க வேண்டும்: நோயாளி உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒருங்கே சரிபார்த்தல், குடும்பத்தாரிடம் அமர்ந்து பேசுதல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்க்கும் தெளிவான குறிப்பு அனுப்புதல். வல்லுநர்கள் தம் நுண்ணறிவை இவருக்குக் கற்பிக்கட்டும். அவ்வறிவு நோயாளியின் வீட்டிலும் தொழிலிலும் எவ்வாறு பயன்படும் என்பதை இவர் அவர்களுக்கு உணர்த்தட்டும். மாவட்ட மருத்துவக் கல்லூரிகள்தோறும் குடும்ப மருத்துவத்துக்குத் தனித்துறை அமைந்தால், தருவைகுளம் போன்ற ஊர்களுக்கு வல்லுநர் அறிவு முழுமையாகச் சென்று சேரும்.